மலையடிவாரத்தின் புகைக்காலம்

2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 உயிர்கள் போயின. தமிழ்நாட்டில் காட்டுத்தீ என்றால் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது குரங்கணிதான். விசாரணை நடந்தது, மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன, கோடை தொடங்கியதும் மலைப்பாதைகளை மூடுவது வழக்கமானது. அத்தனையும் தீயைப் பற்றிய நடவடிக்கைகள். புகை யாருடைய கணக்கிலும் இல்லை.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாடு ஆஸ்திரேலியா. 2019–20 கோடையில் அங்கே மாதக்கணக்கில் காடு எரிந்தது. நேரடியாகத் தீயில் இறந்தவர்கள் 33 பேர். பின்னர் ஆய்வாளர்கள் மருத்துவப் பதிவுகளையும் காற்றின் அளவீடுகளையும் பொருத்திப் பார்த்தபோது, புகையால் கூடுதலாக நேர்ந்த மரணங்கள் ஏறக்குறைய 417 என்று மதிப்பிட்டார்கள். அந்த 417 பேரில் பலர் தீயை நேரில் பார்த்துக்கூட இருக்க மாட்டார்கள். எரிந்த காட்டிலிருந்து வெகு தொலைவில், வீட்டுக்குள் இருந்தவர்கள்.

நம் பக்கம் அப்படித் தீயைத் தொலைவிலிருந்து பார்க்கும் ஓர் ஊர், பழனி மலைத்தொடரின் வடக்குச் சரிவு முடியும் இடத்தில் இருக்கும் ஆயக்குடி. கொய்யாவுக்குப் பேர்போன ஊர். பின்னால் மலை, மலையின் காலடியில் வரதமாநதி அணை, முன்னால் திண்டுக்கல்–பழனி சாலை. மேலே கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம், 600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு. தை பிறந்து பனி குறையத் தொடங்கியதும் சரிவில் புல் காய்ந்துவிடும், இலையுதிர் காட்டின் தரை முழுக்கச் சருகாகிவிடும். அதிலிருந்து கோடை மழை கனமாக விழும்வரை, எந்த இரவிலும் மலையில் ஒரு செந்நிறக் கோடு தெரியலாம். அடிவாரத்துக்காரர்கள் ‘மலை எரியுது’ என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போவார்கள். பழகிப்போன காட்சி.

மேல்மலையில் நிலைமை வேறு. சோலையும் புல்வெளியுமாக இருந்த இடங்களில் கடந்த நூற்றாண்டில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டு வளர்த்தார்கள். பைன் ஊசிகளும் தைல இலைகளும் தரையில் மெத்தையாகக் கிடக்கின்றன. பற்றினால் எளிதில் அடங்காது. 2024 ஏப்ரல் இறுதியில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் தீ நாள்கணக்கில் எரிந்தபோது, அந்தச் சாலையில் சுற்றுலா வாகனங்களையே நிறுத்த வேண்டியதாயிற்று. கோடை சீசனின் உச்சம் அது. கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் அதே வாரத்தில்தான். குளிர்காற்றுக்கு வந்தவர்கள் புகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

மலைப்புகைக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. பகலில் வெயில் சரிவைச் சூடாக்கும். சூடான காற்று சரிவோடு மேலே ஏறும். புகையும் அதனுடன் கொடைக்கானல் பக்கம் போய்விடும். நண்பகலில் ஆயக்குடியிலிருந்து பார்த்தால் மலையுச்சிக்கு மேலே வெண்புகை எழுவது தெரியும், ஊருக்குள் நெடி இருக்காது. பொழுது சாய்ந்ததும் எல்லாம் தலைகீழ். சரிவு குளிர்கிறது, குளிர்ந்து கனத்த காற்று ஓடைகளும் பள்ளங்களும் வழியாகக் கீழே இறங்குகிறது. காற்று இறங்கும் வழியில்தான் புகையும் இறங்கும். விடிவதற்குள் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சற்றுச் சூடான காற்றும் அடுக்கிவிடும். மேலடுக்கு மூடி போட்டது மாதிரி புகையை ஊர்மட்டத்திலேயே அமுக்கி வைக்கிறது. காலையில் வெயில் உறைத்த பிறகுதான் அந்த மூடி திறக்கும். அதாவது அடிவாரத்துக்கு மோசமான நேரம் பின்னிரவும் விடியற்காலையும். மலை மேலே பிற்பகல். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய நகரம் குழிவான இடத்தில் இருப்பதால், ஏறிய புகை அங்கேயே இரவு தங்கிவிடவும் கூடும்.

பலத்த காற்று வீசும் நாளில் இந்த ஒழுங்கு குலையும். மலை முழுக்கப் பரவிய பெருந்தீக்கும் இது பொருந்தாது. மற்ற நாள்களில், பத்திரமாக இருக்க வேண்டிய நேரம் எது என்று ஊர் தானே கணித்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கை உண்டு. கொடைக்கானலில் 1899இல் சூரிய வானாய்வகம் அமைந்ததே, சமவெளியின் தூசுக்கும் மேகத்துக்கும் மேலே, 2,343 மீட்டர் உயரத்தில் தெளிந்த வானம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வருகிறார்கள். சுத்தமான காற்றுக்கு அத்தாட்சி வாங்கிய மலைதான் இப்போது கோடைதோறும் புகையில் நிற்கிறது.

அடிவாரத்தின் வேலை நேரத்தையும் புகையின் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். கொய்யா பறிப்பு விடியலில். பழம் வாடுவதற்குள் பெட்டியில் அடுக்கிச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். மரத்தில் ஏறி இறங்குவது, கூடை சுமப்பது, பெட்டி தூக்குவது என்று எல்லாமே மூச்சு வாங்கும் வேலை. நூறு நாள் வேலைக்காரர்கள் வெயிலுக்கு முன் மண்வெட்டி பிடிக்கிறார்கள். பால் கறப்பவர், தெருக்கூட்டும் தூய்மைப் பணியாளர், நடைப்பயிற்சி போகும் சர்க்கரை நோயாளி, எல்லோருக்கும் அதே நேரம்தான். சும்மா உட்கார்ந்திருப்பவர் இழுக்கும் காற்றைவிட உடல் வருந்தி வேலை செய்பவர் பல மடங்கு காற்றை இழுக்கிறார். புகையும் அதே அளவுக்கு உள்ளே போகிறது.

வேலையைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள் என்று எழுதிவிடுவது சுலபம். பங்குனி, சித்திரை வெயிலில் அது இன்னொரு ஆபத்து. வெயிலுக்குப் பயந்து விடியலில் போனால் புகை, புகைக்குப் பயந்து மதியம் போனால் வெப்பத்தாக்கு. வெளிநாட்டு அறிவுரைப் பட்டியல்கள் பலவும் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கூலித் தொழிலாளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. மலை எரியும் நாள்களில் மட்டும் வேலையை எட்டரை, ஒன்பது மணிக்குத் தொடங்கி, உச்சி வெயிலுக்கு முன் முடித்துவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். இடையில் கிடைக்கும் மூன்று மணி நேரத்துக்கு முழுக்கூலி கொடுப்பது யார் என்பதுதான் உண்மையான கேள்வி. நூறு நாள் வேலையிலாவது அதிகாரிகள் அளவைக் குறைத்து, நேரத்தைத் தள்ளிவைக்க முடியும். தோட்டத்தில் அது முதலாளியின் மனசு.

அடுத்த சிக்கல், புகையை அளப்பது. இந்தியக் காற்றுத்தரக் குறியீடு 0 முதல் 500 வரை போகும். 100 வரை பரவாயில்லை, 200ஐத் தாண்டினால் மோசம், 400ஐத் தாண்டினால் கடுமை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் பார்க்கலாம். ஆனால் மாவட்டத் தலைநகரான திண்டுக்கல்லில் காட்டும் எண், 50 கிலோமீட்டர் தள்ளி மலையடியில் இருக்கும் ஊரின் விடியற்காலையைச் சொல்லாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. நுண்துகளுக்கு இந்தக் குறியீடு 24 மணி நேரச் சராசரியைக் கணக்கில் எடுக்கிறது. விடியலில் மூன்று மணி நேரம் புகை திணறடித்து, மீதி நேரம் காற்று தெளிவாக இருந்தால், அன்றைய சராசரி சுமாராகத்தான் தெரியும். ஆஸ்துமாக்காரரின் நெஞ்சு சராசரி பார்ப்பதில்லை.

கருவி இல்லாத ஊர்களுக்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் ஒரு எளிய வழி வைத்திருக்கிறது. பகலில், காற்று உலர்ந்திருக்கும்போது, தொலைவு தெரிந்த ஓர் அடையாளத்தைப் பார்க்க வேண்டும். சுமார் 8 கிலோமீட்டரில் உள்ளது தெரியவில்லை என்றால் குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், நெஞ்சு நோயாளிகள் வெளியே நேரம் செலவிடக் கூடாது. 5 கிலோமீட்டரும் தெரியவில்லை என்றால் எல்லோரும் வெளிவேலையைக் குறைக்க வேண்டும். ஒன்றரைக் கிலோமீட்டர்கூடத் தெரியாவிட்டால் எல்லோரும் உள்ளே. ஆயக்குடிக்கு இதைவிடத் தோதான அளவுகோல் கிடைக்காது: பழனி மலைக்கோயில் ஏறக்குறைய 5, 6 கிலோமீட்டரில் நிற்கிறது. கரிந்த நெடியும் இருந்து, கோயிலும் தெரியவில்லை என்றால் அன்று பெட்டி தூக்கும் வேலையைத் தள்ளிப்போடலாம். பனிமூட்டமும் கோயிலை மறைக்கும் என்பதால் மூக்கையும் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

புகையில் கண்ணை உறுத்தும் சாம்பலும் கரித்தூசியும் கொய்யா இலைமேல் கருப்புப் பொட்டாக விழும். அவை பெரிய துகள்கள், மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரியாதது: 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த நுண்துகள், தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. அது நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய், அங்கிருந்து ரத்தத்தையும் பாதிக்கும். அதனால்தான் புகைநாள்களில் மூச்சுத்திணறலோடு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன. இந்தியத் தரம் இந்தத் துகளுக்கு 24 மணி நேரத்தில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம்வரை இடம் தருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. நான்கு மடங்கு வித்தியாசம்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு, தமிழ்நாட்டில் 1,200க்கும் மேற்பட்ட தாய்மார்களைப் பின்தொடர்ந்து 2018இல் முடிவை வெளியிட்டது. கர்ப்பகாலத்தில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது. 4 கிராம் சின்னதாகத் தோன்றலாம். விறகடுப்புச் சமையலறையில் துகள் நூற்றுக்கணக்கில் ஏறும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அது காட்டுத்தீப் புகையை மட்டும் தனியாக எடுத்த ஆய்வு அல்ல. ஆனால் கருவுக்குள் போகும் துகள் எங்கிருந்து வந்தது என்று கரு கேட்பதில்லை.

புகையோடு வாழப் பழகிய தமிழர்கள் கிழக்கே இருக்கிறார்கள். சுமத்ராவின் சதுப்புக் காடுகள் எரிந்து 2013 ஜூன் 21இல் சிங்கப்பூரின் மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. இரண்டு நாள் கழித்து மலேசியாவின் மூவார் நகரில் 746; அங்கே அவசரநிலையே அறிவித்தார்கள். சிங்கப்பூர் அரசு வசதி குறைந்த குடும்பங்களுக்கு என்95 முகக்கவசம் கொடுத்தது. மலேசியாவில் குறியீட்டைப் பார்த்துப் பள்ளியை மூடும் வழக்கம் வந்தது. நமக்கு இன்னும் நெருக்கமானது தாய்லாந்தின் சியாங் மாய். மலை சூழ்ந்த ஊர், பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை காடும் வயலும் எரியும், விடியலில் புகை தேங்கும். அங்கே மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் வடிகட்டி வைத்த ‘தூசில்லா அறை’களை ஏற்படுத்தினார்கள். ஒவ்வொரு வீட்டையும் காப்பாற்ற முடியாது, ஊருக்கு ஓர் அறையையாவது காப்பாற்றலாம் என்பது அதன் கணக்கு. பக்கத்து மாநிலத்தில், 2023 மார்ச் 2இல் கொச்சி பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு எரிந்தபோதும் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, வெளியே வந்தால் என்95 போடச் சொன்னார்கள்.

ஆயக்குடியில் சுத்தமான அறை எங்கே? குளிர்சாதனம் உள்ள இடம் என்றால் ஏடிஎம்மும் நகைக்கடையும்தான் சட்டென்று ஞாபகம் வரும். அங்கே பாட்டியைக் கொண்டுபோய் உட்கார வைக்க முடியாது. தளம் போட்ட பள்ளி வகுப்பறை, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம் இவற்றில் ஓர் அறையைப் பேரூராட்சி ஒதுக்கலாம். சன்னல் இடுக்குகளை அடைத்து, ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றை வைத்தால் போதும். 2020இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசன்தாலும் பிரபலமாக்கிய மலிவு வழியும் உண்டு: சதுர மின்விசிறியைச் சுற்றி நான்கு வடிகட்டிகளைப் பெட்டியாக ஒட்டுவது. வடிகட்டி வாங்கிவிட்டால் ஐ.டி.ஐ. மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் செய்துவிடுவார்.

வீட்டில், ஓட்டுக்கூரை என்றால் கதவைச் சாத்திப் பயனில்லை. ஓட்டு இடுக்கு முழுக்க வாசல்தான். தார்சு அறை ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, வயதானவர்களையும் கைக்குழந்தையையும் விடியற்காலையில் அங்கே படுக்க வைக்க வேண்டும். சன்னலை இரவு மூடி, வெயில் ஏறிப் புகை கலைந்ததும் அகலமாகத் திறந்துவிட வேண்டும். நாள் முழுக்க மூடியே வைத்தால் உள்ளே புகுந்த புகை போக வழியில்லை, புழுக்கமும் தாங்காது. ஏர் கூலரை அணைத்துவிட வேண்டும். அது வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளும் கருவி. ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே சுழற்றுவதால் கெடுதல் இல்லை, ஆனால் அதன் வலை நுண்துகளைப் பிடிக்காது. ஈரத்துணியைச் சன்னலில் தொங்கவிட்டால் சாம்பல் படியும், நுண்துகள் கடந்துபோகும்.

துண்டைக் கட்டினாலும் இதே கதைதான். துண்டு, புடவைத் தலைப்பு, அறுவைக்கூட முகமூடி இவை இருமலைக் குறைப்பதுபோலத் தோன்றும், பாதுகாப்பு சொற்பம். என்95 அல்லது ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி.2 மட்டுமே வேலை செய்யும். அதுவும் மூக்குத்தண்டில் கம்பியை அழுத்தி, கன்னத்தோடு ஒட்டினால்தான். கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கும் கவசத்தின் நாடா தளர்ந்திருந்தால் வீண். இரண்டு வயதுக்குக் கீழே குழந்தைக்குப் போடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை இது தடுக்காது. தீயருகே போய்ப் பச்சைத் தழையால் அடித்து அணைக்கும் தீத்தடுப்புக் காவலர்களுக்கும் மலைக்கிராமத்து ஆட்களுக்கும் பெரும்பாலும் தோள்துண்டுதான் கவசம். இந்தப் புகையில் மிக அருகில் நிற்பவருக்கே மிகக் குறைந்த பாதுகாப்பு என்பது வெட்கக்கேடு.

பஞ்சாலைப் பக்கம் வேலை பார்த்தவர்கள் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் நெஞ்சிலுள்ள தூசு இறங்கிவிடும் என்று சொல்வார்கள். தின்பது இரைப்பைக்குப் போகிறது, துகள் இருப்பது நுரையீரலில். இரண்டும் வேறு வழி. ஆஸ்துமாக்காரருக்கு இன்ஹேலர்தான் மருந்து. மாசி பிறக்கும்போதே பம்ப்பில் மருந்து இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குதல், பேச முடியாமை, நெஞ்சுவலி, உதடு நீலமாதல் இவற்றில் எது கண்டாலும் 108ஐக் கூப்பிட வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இல் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்தக்காரர், சர்க்கரை நோயாளி யார் யார் என்ற பட்டியல் ஊர் வாரியாக இருக்கிறது. மலை எரியும் வாரத்தில் அந்தப் பட்டியலை வைத்து வீடு வீடாக எச்சரிக்கை சொல்ல ஒரு பைசா செலவில்லை.

வெளிப்புகைக்குக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே சாம்பிராணி போடும் வீடுகள் உண்டு. கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. புகைநாள்களில் சுருளுக்குப் பதில் கொசுவலை. விறகடுப்பு இருந்தால் அந்த நாள்களில் மட்டுமாவது கேஸ். தோட்டத்துச் சருகையும் தெருக்குப்பையையும் கூட்டிக் கொளுத்தும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். மலைப்புகை இறங்கும் அதே அந்திநேரத்தில்தான் பலரும் கொளுத்துகிறார்கள்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு கூட்டம் பழனி பாதயாத்திரை. தைப்பூசமும் பங்குனி உத்திரமும் தீக்காலத்துக்குள் விழுகின்றன. திண்டுக்கல் சாலையில் வருபவர்கள் வெயிலைத் தவிர்க்க இரவிலும் விடியலிலும் நடந்து ஆயக்குடியைக் கடக்கிறார்கள்: வெறும் வயிறு, தோளில் காவடி, பலர் அறுபதைக் கடந்தவர்கள். அன்னதானப் பந்தலும் மோர்ப்பந்தலும் போடுபவர்கள் ஒரு பெட்டி என்95ஐயும் சேர்த்து வைக்கலாம். மலையில் தீ தெரிந்தால் வெயில் ஏறும்வரை ஊர் மண்டபத்தில் தங்கச் சொல்லலாம். வார இறுதியில் போட்டித்தேர்வுப் பயிற்சிக்காக ஆயக்குடி மரத்தடி மையத்துக்கு வெளியூரிலிருந்து வரும் இளைஞர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தீயை யார் வைக்கிறார்கள்? இந்தியாவில் காட்டுத்தீயில் பெரும்பகுதி மனிதர் கைங்கரியம் என்பதில் வனத்துறைக்குச் சந்தேகம் இல்லை. பட்டா நிலத்தில் சருகைக் கொளுத்தியது காட்டுக்குள் ஏறுவது, புதுப்புல் முளைக்க மேய்ச்சல் நிலத்தை எரிப்பது, தேன் எடுக்கப் பிடித்த பந்தம், அணைக்காத பீடி. இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டுபிடித்து, பதிவு செய்துகொண்டவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது, பொதுமக்களும் பதியலாம். வனத்துறைக்கு இது தீயணைக்க உதவும் தகவல். பேரூராட்சி அலுவலரும் சுகாதார ஆய்வாளரும் பள்ளித் தலைமையாசிரியரும் பதிந்துகொண்டால் அதுவே புகை எச்சரிக்கையாகிவிடும். மாலையில் மலைச்சரிவில் தீ என்று செய்தி வந்தால் மறுநாள் விடியலுக்கு ஆயத்தம் செய்ய ஓர் இரவு முழுக்கக் கையில் இருக்கிறது. காலை இறைவணக்கத்தை வகுப்பறைக்குள் நடத்துவது, விளையாட்டுப் பாட வேளையை மாற்றுவது, நூறு நாள் வேலையைத் தள்ளுவது எல்லாம் அந்த இரவுக்குள் முடிவாகக்கூடியவை.

தீ அணைந்த பிறகும் சில நாள் சாம்பல் படிந்துகொண்டிருக்கும். அதை விளக்குமாற்றால் கூட்டினால் மறுபடி காற்றில் ஏறும். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பறித்த கொய்யாவைக் கழுவிய பிறகே கடிக்க வேண்டும். புகையோடு தொடங்கிய இருமல் காற்று தெளிந்த பிறகு படிப்படியாக அடங்கிவிட வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லை என்றால், ‘எல்லாம் அந்தப் புகைதான்’ என்று தள்ளிவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரண்டு வார இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை என்பது தேசியத் திட்டத்தின் விதி, செலவும் இல்லை.